இறங்காத சத்தம்

“மாப்பிள்ளே, இந்தச் சனியனோட சத்தம் சாயங்காலத்துக்குள்ள குறையலன்னா, நான் மூத்த பையன் வீட்டுக்குக் கிளம்புறேன். அங்க டிவிக்கு ரிமோட்டாவது இருக்கு!”

மாமனார் பெட்டியைக் கொண்டுவந்து ஹால் நடுவில் வைத்துவிட்டார். பத்து நாள் என்று வந்தவர். ஆறாவது மாதம் ஓடுகிறது. செய்தி பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பார்த்தாலோ காது கிழிகிறது.

அந்த வீட்டில் டிவி கிடையாது. செய்தியெல்லாம் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான்; அதிலிருந்து டிஜிட்டல் கேபிளில் நேராக இரண்டு ஸ்பீக்கர்கள். திரையில் வால்யூமை இழுத்தால் கோடு மட்டும் சமர்த்தாகக் கீழே இறங்கும், சத்தம் இறங்காது. ஸ்பீக்கரிலும் திருகுவதற்கு ஒன்றுமில்லை.

‘எங்கப்பாவ விரட்டிட்டீங்க’ என்று ஆரம்பித்தால் மனைவி ஆயுசுக்கும் விடமாட்டாள். மாப்பிள்ளை அவள் ஆபீசுக்குப் போன் போட்டான். வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் அவள்தான்; இவன் காலேஜில் வரலாறு நடத்துகிறவன்.

“டிஜிட்டல்னா அப்படித்தாங்க. முழுச் சத்தமும் அப்படியே போகும். வழியே இல்ல, விடுங்க.”

“போன மாசம் வரைக்கும் குறைஞ்சுதே?”

“எனக்கு மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிட்டாள்.

விடுவானா? இணையத்தில் முகம் தெரியாதவர்களிடமெல்லாம் கெஞ்சினான். கேபிளுக்குப் போகும் முன்பே சத்தத்தைச் சாஃப்ட்வேரில் குறைத்துவிடலாம் என்று ஒரு புண்ணியவான் நாலு வரி கட்டளை எழுதிக்கொடுத்தான். அதை எழுத்துக்கூட்டி அடித்தான். முதல் தடவை சத்தமே செத்துப்போனது. மாமனார் கடைசிச் சட்டையையும் மடித்துப் பெட்டியில் வைத்தார்.

மறுபடி அடித்தான். கோட்டை இழுத்தான். செய்தி வாசிக்கிறவள் கத்துவதை நிறுத்திவிட்டு மனுஷி மாதிரி பேசினாள்.

“மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்! இனி நான் எதுக்கு அங்க போறேன்?” மாமனார் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

மனைவி வந்ததும் வாசலிலேயே பெருமையடித்தான். “நாலே வரி அடிச்சு சத்தத்தக் குறைச்சுட்டேன்! உங்கப்பா இனிமே இங்கதான்!”

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தாள்.

“அறிவிருக்கா உங்களுக்கு? பெத்த அப்பாவ எப்படி வாயால போகச் சொல்றதுன்னுதானே, அந்த நாலு வரியையும் போன மாசம் நானே உக்காந்து அழிச்சேன்!”