சொந்தத் தெருவில் ஒரே ஓட்டு

வார்டுத் தேர்தலில் மற்றத் தெருக்கள் அவளைக் கரையேற்றிவிட்டன. சொந்தத் தெருப் பெட்டியில் மட்டும் அவளுக்கு விழுந்தது ஒரே ஓட்டு.

மறுநாளே தையல்காரர் வந்து நின்றார். "அந்த ஒரு ஓட்டு என்னோடதும்மா. நம்ம தெருவுக்கு விளக்கு போட்டுக் கொடு."

பின்னாலேயே பால்காரர். "சத்தியமா அது நான் போட்டதும்மா. விளக்கை மறந்துடாதே."

இருவருக்கும் தலையாட்டிவிட்டு, நோட்டில் முதல் வேலையாகத் தெருவிளக்கை எழுதினாள்.

அவர்கள் போனதும் கணவர் குதித்தார். "வாய் கூசாம புளுகுறானுங்க! அந்த ஓட்டு நான் போட்டது. பொய் சொல்றவனுங்களுக்கு எதுக்குடி விளக்கு? இருட்டுல கிடக்கட்டும், எழுதினதை அடிச்சுடு!"

"அப்படிப் பார்த்தா நம்ம வாசலும் இருட்டாத்தாங்க கிடக்கணும்."

"நானென்ன பொய்யா சொன்னேன்?"

அவள் நோட்டை விட்டு நிமிரவில்லை.

"அந்த ஓட்டு நான் போட்டதுங்க."