வளையம் கோக்கும் பெண்

"நீங்க பாக்குற வேலை இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் ஓடும்," என்றான் லாசரஸ்.

பெண் பார்க்க வந்த இடத்தில் முதல் பேச்சே இப்படி ஆகிவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். பெரியவர்கள் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பேசிப் பாருங்கள் என்று இருவரையும் ஓவன் ரோட்டைப் பார்த்த மாடி ஜன்னலோரம் அனுப்பியிருந்தார்கள்.

பிரிஜட் கோபப்படவில்லை. "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

கம்ப்யூட்டருக்கு நினைவுத் தட்டு செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கடுகைவிடச் சிறிய காந்த வளையங்களில் முடி போன்ற செம்புக் கம்பியைக் கோக்க வேண்டும். கம்ப்யூட்டர் எதையும் நினைவில் வைத்துக்கொள்வது அந்த வளையங்களில்தான்.

லாசரஸ் அந்த 1969இல் காலாங் பக்கம் புதிதாகத் திறந்திருந்த அமெரிக்கத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஒரு தட்டு வளையம் செய்கிற வேலையை இனி நகத்தளவு சிலிக்கான் துண்டே செய்துவிடும், இப்போது விலை அதிகம், போகப் போகக் குறைந்துவிடும் என்று விளக்கினான்.

"அந்தத் துண்டுல கம்பி யாரு வைக்கிறா?"

"எல்லாம் பொம்பளைங்கதான் லா. மைக்ராஸ்கோப்புல பாத்துத் தங்கக் கம்பிய ஒட்டணும். ஆம்பளைங்களுக்கு அந்தப் பொறுமை வராது."

அவள் மேலும் கேட்டாள். கண் பரிசோதனை உண்டா, இங்கிலீஷ் எவ்வளவு தெரிய வேண்டும், எத்தனை பேர் எடுக்கிறார்கள், என்றைக்கு எடுக்கிறார்கள். அவன் ஒன்று விடாமல் சொன்னான். சனிக்கிழமை காலையில் தொழிற்சாலை கேட்டுக்குப் போனால் போதும் என்றான். அவன் வேலையைப் பற்றி இதுவரை எந்தப் பெண்ணும் இத்தனை ஆர்வமாகக் கேட்டதில்லை.

கிளம்பும் முன் அவளுக்குத் தைரியம் சொல்ல நினைத்தான். "வேலை போயிடுமேன்னு கவலைப்படாதீங்க. கல்யாணத்துக்கப்புறம் நீங்க வேலைக்கே போக வேணாம். வீட்டைப் பாத்துக்கிட்டாப் போதும்."

பிரிஜட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது அக்காவிடம் தனக்குப் பூரண சம்மதம் என்றான். பெண் வீட்டார் வார முடிவில் பதில் சொல்வதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை தொழிற்சாலை கேட்டருகே பிரிஜட் நின்றுகொண்டிருந்தாள். லாசரஸின் நடை தானாக வேகமானது. நேரில் பதில் சொல்லவே வந்துவிட்டாள். தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் போனான்.

"பதில் சொல்ல நீங்களே இவ்வளவு தூரம் வரணுமா?"

"அதைச் சொல்ல அப்பா உங்க வீட்டுக்குப் போயிருக்காங்க," என்றாள் பிரிஜட் மெதுவாக. "நீங்க நல்லவருதான். ஆனா வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்க என்னால முடியாதுங்க. கண் பரிசோதனை எந்தக் கட்டடத்துல?"

அவன் கை தானாக இடப்பக்கம் காட்டியது.

பிரிஜட் திரும்பிச் சாலைக்கு எதிர்ப்புறம் பார்த்துத் தலையசைத்தாள். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள், அவளோடு வளையம் கோத்தவர்கள் அத்தனை பேரும்.