டோக்கியோவின் ஆறு மணி

"கொளுத்திடுலா குணா. இப்பவே கொளுத்திடு" என்றார் குழந்தைவேலு அண்ணன்.

கொளுத்தச் சொன்னது எங்கள் பத்திரிகையை.

பெயர் உலகநோக்கு. விஞ்ஞானமும் உலக நடப்பும். கையால் எழுதிய ஒரே பிரதி. தோட்டம் தோட்டமாகச் சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பும். கொளுத்தினால் அந்த இதழ் உலகத்திலேயே இல்லை.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பருக்குக் கேட்பாரில்லை. காலியாகக் கிடந்த இடத்தை ஆபீஸ் ஆக்கிக்கொண்டோம்.

இதழைச் சைக்கிளில் கொண்டுவந்த மரியராஜுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. பீடோங் சோதனைச் சாவடியில் ஜப்பான் சிப்பாய் அதைப் பிடுங்கியிருக்கிறான்.

"மொதல்ல நின்னுக்கிட்டே பொரட்டுனான். அப்பறம் உக்காந்துட்டான்லா. நான் வெயில்ல குனிஞ்சது குனிஞ்சபடி. செவப்புப் பென்சில எடுத்து என்னமோ போட்டான். கையில குடுத்து, போன்னுட்டான். அறையக்கூட இல்ல!"

அறையாததுதான் பயமாக இருந்தது.

அந்தச் சிப்பாய் யாரென்று எங்களுக்குத் தெரியும். கும்பிடாமல் போனதற்காக வடிவேலு மாமாவைத் தலைக்கு மேல் கல்லைத் தூக்க வைத்து, விழும்வரை நிறுத்தியவன்.

அண்ணன் பக்கங்களைக் கிழிகிற வேகத்தில் புரட்டினார். தன் கட்டுரையைத் தேடினார். ஜப்பான்காரன் நடத்தும் பேப்பரிலேயே வருகிற தீவுகளின் பெயர்களை எடுத்து, சண்டை மாதத்துக்கு மாதம் ஜப்பானை நெருங்குகிறது என்று எழுதியிருந்தார். அது புரிந்திருந்தால் எங்களுக்குத் தலை இருக்காது.

அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

சிவப்பு இருந்தது என் பக்கத்தில்.

"பாத்தியா? என்னுதுல தொடவே இல்ல. ஒன் படத்துலதான் போட்டிருக்கான். நேரத்தப் பத்தி எழுதாத, அவன் நேரம் அது, வம்புன்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னார்தான். நான் கேட்கவில்லை.

மரவள்ளிக் காட்டு வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு ஆறு மணிக்கு. அந்த ஆறு மணி கும்மிருட்டாக இருக்கிறது. பெண்கள் இருட்டில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு தடுமாறி ஓடுகிறார்கள். ஏன் இருட்டு என்று ஒருவருக்கும் தெரியாது. காலம் கெட்டுவிட்டது என்கிறார்கள். காலம் கெடவில்லை, ஜப்பான்காரன் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்திருக்கிறான் என்று எழுதினேன். வடதுருவத்துக்கு மேலிருந்து பார்ப்பதுபோல் பூமியை வரைந்தேன். அதில் இரண்டு தீர்க்கரேகைக் கோடு. எங்கள் கெடாவுக்கு நூறு பாகை, ஜப்பானுக்கு நூற்று முப்பத்தைந்து. ஓரத்தில் சூரியன். பூமி சுற்றும் திசைக்கு ஓர் அம்பு.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அந்தப் படத்துக்காக ஒரு வாரம் தூங்கவில்லை.

இதழின் கடைசிப் பக்கம் வாசகர் கருத்துக்கு. படித்தவர் எழுதிவிட்டுத்தான் அடுத்த தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தடவை பக்கம் நிறைந்திருந்தது.

'தங்கை குணவதியின் கையெழுத்து முத்து முத்தாக உள்ளது' என்று பாடாங் மேஹா தோட்டம்.

'பெண்களும் எழுத முன்வருவது பாராட்டத்தக்கது' என்று பீடோங்.

ஜித்ராவிலிருந்து ஒரு பெரிய மனிதர், 'மரவள்ளியில் புதுப் பலகாரங்கள் பற்றியும் சகோதரி எழுதலாமே.'

அண்ணன் தீப்பெட்டியை நீட்டினார். "ம்."

நான் வாங்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பான் எழுத்து ஒன்றுகூட இல்லை. என் கோடுகள், எண்கள், சூரியன் எதையும் அவன் தொடவில்லை. அம்பை மட்டும் அடித்திருந்தான். அடித்துவிட்டு, பக்கத்திலேயே எதிர்ப்பக்கமாக இன்னொரு அம்பு போட்டிருந்தான்.

முஷ்டியை மடக்கினேன். கட்டை விரல் முட்டி ஜப்பான், சுண்டு விரல் முட்டி கெடா. கதவிடுக்கில் வந்த வெளிச்சத்தில் வைத்து, என் அம்பு காட்டிய பக்கமாகத் திருப்பினேன்.

கெடாவுக்கு முதலில் விடிந்தது.

அவன் அம்புப்படி திருப்பினேன். டோக்கியோ வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் இன்னும் இருட்டில் இருந்தோம்.

ஆமாம், அப்படித்தானே இருக்க வேண்டும்! கட்டுரையில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். படத்தில் பூமியைத் தலைகீழாகச் சுற்றவிட்டிருந்தேன்.

முகமெல்லாம் எரிந்தது. வெட்கமா ஆத்திரமா என்று தெரியவில்லை. மாமாவைக் கல்லோடு நிறுத்திய கை. அந்தக் கையா இதையும் செய்ய வேண்டும்?

"என்னா சிரிப்பு?" என்றான் மரியராஜ். நான் சிரித்தேனா என்றுகூட எனக்குத் தெரியாது.

"அவன் மெரட்டல. தப்பத் திருத்தியிருக்கான்."

"தமிழ் தெரியாதவன் என்னாத்தத் திருத்துவான்?" என்றார் அண்ணன்.

முஷ்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். இரண்டாம் தடவையில் மரியராஜுக்குப் புரிந்தது. அண்ணன் புரிந்தும் புரியாததுபோல் நின்றார். அவரும் படித்துவிட்டுத்தான் இதழை அனுப்பினார், ஆசிரியர் அவர்தான்.

"சரி, இருக்கட்டும். அதுக்காக வச்சிக்க முடியுமா? கொளுத்து."

"மாட்டேன். அடுத்த இதழ்ல திருத்தம் போடணும். இது இருந்தாத்தான் போட முடியும்."

"திருத்தமா! யாரு கண்டுபிடிச்சதுன்னு போடுவ? சாவடிக்காரன்னா?"

"வாசகர்னு போடுவேன்ணே" என்றேன். "நமக்கு இருக்கறதே அந்த ஒருத்தன்தான்."