எட்டாம் வசனம்

மூன்று புத்தகங்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார் அவர்.

மூன்றும் வேதாகமத்துச் சங்கீதங்களின் விளக்கவுரைகள். ஒன்று செங்கல் கனம். ஒன்று தினம் ஒரு பக்கம் என்று தியானமாக எழுதியது. மூன்றாவது வேதாகமக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிறது.

எதை எடுப்பது?

வீட்டில் ஏற்கெனவே இரண்டு வாங்கிப் போட்டாயிற்று. ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாளையங்கோட்டையின் அந்தச் சிறிய கிறிஸ்தவப் புத்தகக்கடை மத்தியான நேரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. கல்லாவிலிருந்து ஞானசெல்வி எழுந்து வந்தாள்.

"பிரசங்கத்துக்காய்யா?"

"இல்லம்மா, எனக்குத்தான். சாயங்கால ஜெபத்துக்கு. இப்பல்லாம் சங்கீதம் மனசுல ஒட்ட மாட்டேங்கு. பாதியிலயே நின்னு போவுது."

"ஒண்ண வாசிச்சிட்டு விளக்கத்தப் பாருங்க. எது மனசுக்குப் பிடிக்கோ அத எடுங்க."

செங்கல் கனத்தைத் திறந்தார். நூற்றிருபத்தொன்றாம் சங்கீதம். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வசனத்தை வாசித்தார். ஒருவன் மலைகளை அண்ணாந்து பார்க்கிறான்.

நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு மூன்றாம் வசனத்தை வாசித்தார்.

"ரெண்டாம் வசனத்த விட்டுட்டீங்களேய்யா."

புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அது நேசம்மா வாசிக்கது."

கோயிலில் ஆராதனை நடத்தும் போதகர் ஐயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம். வீட்டில் அவர் ஒன்று, மனைவி ஒன்று. கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நேசம்மாளை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகும் அப்படித்தான் வாசித்தார். தன் வசனம், ஒரு மௌனம், மறுபடி தன் வசனம். நாக்கு பழகிய பழக்கம். அவருக்கே அது தெரியவில்லை.

மலையைப் பார்த்து நின்றவனுக்கு உதவி எங்கிருந்து வரும் என்பது இரண்டாம் வசனத்தில் இருக்கிறது. இத்தனை மாதமாக அந்த வீட்டில் யாரும் அதை வாசிக்கவில்லை. இதற்குப் போய்க் கடை கடையாக விளக்கவுரை தேடியிருக்கிறார் மனுஷன்.

ஞானசெல்வி மேசையைச் சுற்றி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். சபையார் வாசிக்கிற அந்தக் குரலில் இரண்டாம் வசனத்தை வாசித்தாள்.

அவர் மூன்றாவதை வாசித்தார்.

அவள் நான்கு.

அவர் ஐந்து.

அவள் ஆறாவதை முடிக்கவும், வாசலில் யாரோ ஞாயிறு பள்ளிக்குப் பரிசுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் அந்தப் பக்கம் போனாள்.

அவர் ஏழாவதை வாசித்து நிறுத்தினார்.

அந்தச் சங்கீதம் எட்டாம் வசனத்தோடு முடிகிறது.

எழுத்து பெரியதுதான். கண்ணும் தெரிகிறது. வாசித்துவிடலாம்.

பயமாக இருந்தது. தன் வாயாலேயே அதையும் வாசித்துவிட்டால் நேசம்மாள் நிஜமாகவே போய்விடுவாள்.

ஒரு சங்கீதத்தைக்கூட முழுசாக முடிக்க முடியாத வீட்டுக்கு அவர் இனித் திரும்பிப் போக வேண்டும்.

வந்தவர்களை அனுப்பிவிட்டு ஞானசெல்வி பில் புத்தகத்தோடு வந்தாள்.

"எதப் போடட்டும்யா?"

மூன்று விளக்கவுரைகளும் மேசையில் கிடந்தன. அவர் எட்டாம் வசனத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை.

"இது ஒன்னோட வசனம்மா" என்றார்.