இறந்தகாலக் கேள்வி

“வென் டிட் ஷி லீவ்? ஹூ வாஸ் வித் ஹர்?”

காதுக்குள் ஒலித்த குரலுக்குப் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு, மேஜையில் விரித்திருந்த துணியில் கோடு இழுத்தார் கட்டிங் மாஸ்டர். ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது கடைக்கு.

பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஊசியை நிறுத்தினாள். “யாரு மாஸ்டர் அந்த ஷி? காலையிலேருந்து அவளையே விசாரிக்கிறீங்க?”

தையல் மிஷின்களுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. மாஸ்டரும் சிரித்துவைத்தார். இந்தக் கடைக்கு அவர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது.

“வெளிநாட்டு இன்டர்வியூதானே? மறைக்காதீங்க.”

“ஞாயித்துக்கிழமை ஒருத்தங்க வீடியோல பேசறேன்னு சொல்லியிருக்காங்கம்மா.”

“அப்படிச் சொல்லுங்க! முதல்ல உங்களப் பத்திதான் கேப்பாங்க. என் தங்கச்சி மகன் அந்த இடத்துலதான் பேந்தப் பேந்த முழிச்சான்.”

“அந்தப் பாடத்த நான் தாண்டிட்டேன். நடந்து முடிஞ்சதப் பத்திக் கேள்வி கேக்கற பாடம்தான் எனக்கு வேணும்.”

“வேலை தேடிப் போறவர் நீங்க கேள்வி கேக்கப் போறீங்களா? வெளங்குனாப்லதான்!”

மாஸ்டருக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். யாராவது நிறுத்தி நிதானமாகப் பேசினால் பாதி பிடிபடும். பதில் சொல்லத்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏழு மாதமாகச் செல்போனில் ஒலிப் பாடங்களை ஓடவிட்டு, கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில், குளியலறையில், கத்தரியின் சத்தத்தோடு சத்தமாக.

தான் பேசுவதைப் பதிவு செய்து கேட்கச் சொல்லியிருந்தது ஒரு பாடம். முதல்நாள் கேட்டபோது ஏதோ ஒரு பயந்தாங்கொள்ளி வார்த்தைகளை மென்று விழுங்குவதுபோல் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசினார். நான்காவது மாதம்தான் தமிழில் யோசிக்காமல் ஒரு வாக்கியம் வாயில் வந்தது. அன்றைக்கு ஒரு பேன்ட்டை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை டப்பாவில் செல்போனைச் சாய்த்துவைத்தார். தம்பி பக்கத்தில் நாற்காலியை இழுத்தான்.

“நீங்க தமிழ்லயே கேளுங்கண்ணே. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்.”

“நடுவுல ஆள் வேணாம்டா. கொஞ்ச நேரம் வெளிய இரு.”

தம்பி தயங்கித் தயங்கி எழுந்து போனான். செல்போன் ஒலித்தது. திரையில் நர்ஸ் உடையில் ஒரு நடுவயதுப் பெண் தெரிந்தார்.

மாஸ்டருக்கு ஒரே மகள். தாயில்லாமல் வளர்த்த பெண். வேலைக்குப் போன வெளிநாட்டில் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி, மூன்று நாள் இந்த நர்ஸின் வார்டில் கிடந்தாள். அவள் யார் என்று கண்டுபிடித்து அலுவலகத்தார் மாஸ்டருக்குத் தகவல் சொன்னது நான்காவது நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் எழுதி எழுதித்தான் இன்றைக்கு இந்த நர்ஸ் பேச வந்திருந்தார்.

“என் பொண்ணு கடைசியா ஏதாவது சொன்னாளா?”

ஆங்கிலத்தில் கேட்டார். குரல் நடுங்கவில்லை.

நர்ஸ் ஆங்கிலத்தில் சொன்ன பதிலும் ஒரு சொல் விடாமல் புரிந்தது. “தலையில அடிபட்டதுல அவளுக்கு இங்கிலீஷ் வரவேயில்ல. உங்க மொழியில ஒரே ஒரு வாக்கியத்த மூணு நாளும் சொல்லிட்டே இருந்தா. எங்க யாருக்கும் புரியல. வலிக்குதுன்னு நெனச்சு ஊசி போட்டேன். தண்ணி கொடுத்தேன். போர்வைய மாத்தினேன். அவ நிறுத்தவே இல்ல.”

ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். “காதுல விழுந்தத எங்க எழுத்துல எழுதி வெச்சேன். தப்பா படிச்சா மன்னிச்சிடுங்க.”

படித்தார். “அப்பாவெ... வரஸ்... ஸொல்லுங்கா.”

அப்பாவ வரச் சொல்லுங்க.

அந்த மூன்று நாளும் மாஸ்டர் பழைய கடையில் பள்ளிக்கூடச் சீருடை வெட்டிக்கொண்டிருந்தார். செல்போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒன்றரை வருஷமா இது என் காதுலயே இருக்கு சார். அவ கேட்டத நான் செய்யாம விட்டுட்டேனோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. தயவுசெஞ்சு சொல்லுங்க. அதுக்கு என்ன அர்த்தம்?”

மாஸ்டர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார்.

“ஷி செட்... தேங்க் யூ, சிஸ்டர்.”