அண்ணன் திருடிய உயிர்

வீடியோ கேமுக்குக் கேசட் போய், சிடி போய், கையில் பிடிக்கும் பட்டனும் போய்விட்டது. நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும். மனதில் மிச்சம் இருப்பதே விளையாட்டாகக் கூடத்தில் விரியும். எழுபத்திரண்டு வயது சிவசைலத்துக்கு மறதி நோய் விட்டுவைத்தது, சின்ன வயதில் தங்கையோடு டிவியில் ஆடிய துப்பாக்கிச் சண்டை ஒன்றைத்தான். ஆளுக்கு மூன்று உயிர். தீர்ந்தவர் கூட்டாளியின் உயிரை எடுத்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த அந்தத் தங்கை கோமதியை, "வாங்க, உக்காருங்க" என்று விருந்தாளியாகத்தான் வரவேற்றார்.

"தினமும் நான்தாம்மா கூட ஆடுவேன்," என்றாள் நர்ஸ் ஜெஸ்லின். "என் உயிர எடுத்துக்கோங்கன்னா, 'அடுத்தவங்க உயிர் நமக்கெதுக்கு'ம்பாரு."

கோமதி பட்டையைக் கட்டிக்கொண்டாள். ஆட்டத்தின் மூன்றாவது பாலத்தில் சிவசைலத்தின் உயிர்கள் தீர்ந்தன. அவளிடம் மிச்சம் ஒன்றே ஒன்று. கண் மூடித் திறப்பதற்குள் அதுவும் காணவில்லை. அவருடைய வீரன் துள்ளி எழுந்து ஓடினான். இதற்காக அந்தக் காலத்தில் எத்தனை நாள் அம்மாவிடம் ஓடி அழுதிருக்கிறாள்!

ஜெஸ்லின் பதறினாள். "ஐயா, அது அவங்க உயிரு! கேக்காம எடுக்கலாமா?"

"இவகிட்ட என்னத்தக் கேக்க?" என்றார் சிவசைலம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கோமதி பட்டையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடி கட்டினாள்.

"முதல்லருந்து ஆரம்பிண்ணே. எனக்கு இன்னும் மூணு உயிர் வரும். எல்லாத்தையும் எடுத்துக்கோ."