ஆறு அடி ஐந்து அங்குலக் கெட்ட பெயர்

"கையெழுத்தெல்லாம் போட முடியாதுலே. கெளம்பு."

மேஜைமேல் வைத்த விண்ணப்பப் பாரத்தைக் கமாலுதீன் தொடக்கூட இல்லை. எதிரே ஆறு அடி ஐந்து அங்குலத்துக்கு நின்றுகொண்டிருந்தான் ஜெயசுந்தர். மின்விசிறி அவன் தலையில் தட்டிவிடுமோ என்று பார்க்கிறவனுக்குத்தான் பயமாக இருக்கும்.

கமாலுதீனுக்குச் சிவகாசியில் பட்டாசு மொத்த வியாபாரம். சாயங்காலமானால் கூடைப்பந்து கிளப் செயலாளர். அவர் கையெழுத்து இல்லாமல் மே மாத டோர்னமென்டில் எவனும் கிளப்புக்காகப் பந்தைத் தொட முடியாது.

"இதுதான் கடைசி சான்ஸ் பாய். மெட்ராஸ்லருந்து கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க வாராக. எனக்கு இருபத்தொம்பது வயசாச்சு. இதை விட்டா வேற வாசல் இல்ல."

"ஒனக்கு எம்புட்டு வாசல் தொறந்துச்சு? பத்தொம்பது வயசுல இந்தியா கேம்ப். கோச்சை எதுத்துப் பேசிட்டுப் பாதியில பெட்டியைக் கட்டுன. அப்புறம் ரெஃப்ரீ சட்டையைப் பிடிச்சு ஆறு மாசம் தடை."

"தப்புதான் பாய்."

அவன் ஆட்டத்தில் குறை சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. அவன் தூரத்திலிருந்து எறிகிற பந்து வளையத்தில் உரசாமல் வலைக்குள் இறங்கும். குறையெல்லாம் அவன் வாயிலும் முன்கோபத்திலும்தான்.

"அதையெல்லாம்கூட வயசுக் கோளாறுன்னு விட்டுரலாம். ஒரு பேங்க்ல கூப்பிட்டு டீம்ல சேத்து, வேலையும் குடுத்தாக. நீ என்ன செஞ்ச? முந்துன தீவாளிக்கு முந்துன தீவாளி, வடக்கே மேட்ச்சுக்குப் போற ரயில்ல பட்டாசைக் கொண்டுபோயி போலீஸ்ல மாட்டுன. கேஸாச்சு, பேப்பர்ல வந்துச்சு, வேலையும் போச்சு. வெளியூர்க்காரன் செஞ்சா தெரியாமச் செஞ்சான்னு சொல்லலாம். சாத்தூர்ல வெடிமருந்து வாசத்துல பொறந்தவன் நீ. பெட்டி நெறைய சனம் இருந்துச்சேலே! ஒரு பொறி பட்டிருந்தா?"

ரயிலில் வெடி கொண்டுபோகக் கூடாது என்று இந்தப் பக்கத்து மனிதருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியூரில் எவன் அறிமுகமானாலும், 'சிவகாசியா? பட்டாசு கொண்டு வரலையா?' என்றுதான் கேட்கிறான். அந்த ஒரு கேள்விக்காகவே துணிக்கு அடியில் நாலு பெட்டியை ஒளித்துக் கொண்டுபோகிற புத்திசாலிகள் இங்கே உண்டு.

"அது பெரிய தப்புதான் பாய்," என்றான் ஜெயசுந்தர். தலை நிமிரவில்லை.

"அன்னைக்கு என் மகன் முஹ்சினும்தான் ஒங்கூட வந்தான். அவன் மேல ஒரு குத்தம் உண்டா? வேலை நிரந்தரமாகி, அதே பேங்க்ல கவுரவமா இருக்கான். ஒழுக்கங்கிறது வளப்புல வரணும்லே!"

லீவில் வந்திருந்த முஹ்சின் உள்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "டீ கொண்டு வரட்டுமாண்ணே?"

"ஒண்ணும் வேண்டாம்டா. நீ உள்ள போ," என்றான் ஜெயசுந்தர்.

வளர்ப்பைப் பற்றிப் பேசினால், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி அவனை ஆளாக்கிய அம்மாவைப் பேசியதாகத்தான் அர்த்தம். பழைய ஜெயசுந்தராக இருந்தால் மேஜை மல்லாந்திருக்கும். இவன் பாரத்தைக்கூட எடுக்காமல், "வாரேன் பாய்" என்று சொல்லிவிட்டு, நிலையில் இடிக்காமல் குனிந்து வெளியே போனான்.

கமாலுதீனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கிளப்புக்கு ஒரு மானம் மரியாதை இருக்கிறதல்லவா?

"அத்தா, கையெழுத்துப் போடுங்க." முஹ்சின் மேஜையருகே வந்து நின்றான்.

"ஒனக்கென்னலே அம்புட்டு அக்கறை?"

"அந்தப் பை அவரோடது இல்ல."

"எந்தப் பை?"

"ரயில்ல போலீஸ் பிரிச்ச பை. அது என் பை அத்தா. 'தீவாளிக்குப் பேங்க் கோச்சுக்குக் குடு, அப்பத்தான் டீம்ல ஒன்னைக் கண்டுக்கிடுவாரு'ன்னு நீங்கதான் என் துணிக்கு அடியில வச்சு விட்டீக."

கமாலுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைக் கோச்சு வாங்கிக்கிட்டாருன்னு சொன்னியேலே?"

"பொய் சொன்னேன். 'யார் பை?'ன்னு போலீஸ் கேட்டப்ப நான் பயந்துபோயி அண்ணனைப் பாத்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சு. அண்ணன் எந்திரிச்சு 'என்னோடது'ன்னுட்டாரு. 'எனக்குத்தான் ஏற்கெனவே கெட்ட பேரு இருக்கே, அதோட இதையும் சேத்துக்கிடட்டும்'னு சிரிச்சாரு. வேலை போயிருமேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் நிம்மதியாச் சோறு எறங்கல அத்தா."

கமாலுதீன் பாரத்தை இழுத்தார். சட்டைப்பையில் இருந்த பேனாவை மேஜை முழுக்கத் தேடினார். ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டு மகனிடம் நீட்டினார்.

"ஓடுலே. பஸ் ஏறிரப் போறான்."

முஹ்சின் வாசலைத் தாண்டுமுன் அவர் அவனை நிறுத்தினார்.

"இம்புட்டு நேரம் என் முன்னால நின்னு அம்புட்டையும் கேட்டுக்கிட்டானே... அவனைப் பெத்தவளைக்கூட விடலையே நானு. 'அது ஒங்க வெடிதான் பாய்'னு மொகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் என்கிட்டச் சத்தியமே வாங்குனாரு அத்தா. 'மகனுக்கு நல்லதுன்னு நெனச்சு வச்ச மனுசன். தன்னால ஒருத்தன் பொழப்பு போச்சுன்னு தெரிஞ்சா, பாய் ஒடஞ்சு போயிருவாரு'ன்னு."